பாலிக் பூலாவில் இறக்கிய முடி

என் மகளுக்கு இப்போது பின்னல் இடுப்பைத் தாண்டித் தொங்குகிறது. கோயிலிலோ கல்யாண வீட்டிலோ பெண்கள் அதைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, "முதல் முடி எங்க எறக்குனீங்க?" என்று கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டு, "தண்ணீர்மலையில" என்பார். நானும் தலையை ஆட்டுவேன். கேட்டவர்கள் முருகனை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

தண்ணீர்மலையில் இறக்கவில்லை. நாங்கள் இருக்கும் இந்த மலாய் நாட்டுத் தீவில் மலைக்கு அந்தப் பக்கம், பாலிக் பூலாவ் பள்ளத்தாக்கில், ஒரு கிராம்புத் தோட்டத்துக்குள் இறக்கினோம். எந்தச் சாமிக்கு என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் தண்ணீர்மலை என்று சொல்லிவைத்திருக்கிறோம்.

என் கணவர் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி. எழுத்து வேலை பார்ப்பவரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். வாரம் முழுவதும் எந்தக் கப்பலில் எத்தனை மூட்டை என்று குனிந்து எழுதுகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் கால் வீட்டில் தங்காது. மற்ற கிராணிகள் சீட்டுப் போடுவார்கள், தூங்குவார்கள். இவர் மலை ஏறுவார். வெள்ளைக்காரர்களும் காசுள்ள சீனர்களும் மலை ரயிலில் உச்சிக்குப் போய்க் காற்று வாங்கிவிட்டு வருவார்கள். இவருக்கு அது ஆகாது. "ரயில்ல போனா மலை எங்க தெரியும்? ஜன்னல்தான் தெரியும்" என்பார். ஆயர் ஈத்தாம் வரை டிராமில் போய், சீனர் கோயிலின் புதுக் கோபுரத்துக்குப் பின்னால் கிளம்பும் ஒற்றையடிப் பாதையில் ஏறினால் மலையின் முதுகைத் தாண்டிப் பாலிக் பூலாவில் இறங்கலாம். அந்தப் பக்கம் வயலும், ஜாதிக்காய், கிராம்பு, டுரியான் தோட்டங்களும், இடையிடையே மலாய்க்காரர்களின் கால் வைத்த மரவீடுகளும். ஜார்ஜ் டவுனின் இரைச்சலில் இருந்துவிட்டுப் போகிறவர்களுக்கு அது வேறு நாடு போல இருக்கும்.

நடக்கிற பைத்தியம் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அதோடு இன்னொரு பைத்தியமும் சேர்ந்துகொண்டது. கடலுக்கு அந்தப் பக்கம், கெடாவில், காட்டுக்குள் பழைய கோயில்களின் அடித்தளங்களும் சிலைகளும் கிடைக்கின்றன என்று ஒரு பேச்சு அப்போது ஊரில் அடிபட்டது. கெடாதான் நம்முடைய கடாரம் என்று யாரோ கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து இவருக்குத் தூக்கம் போயிற்று. "சோழன் படை கடாரம் வரைக்கும் வந்துச்சுன்னா, எதுக்க இருக்கிற இந்தத் தீவுல எறங்காமலா போயிருக்கும்? ஒரு கோயிலாவது கட்டியிருக்க மாட்டானா?" என்று என்னைக் கேட்பார். ஏதோ சோழன் என்னிடம் சொல்லிவிட்டுப் போன மாதிரி.

அதன் பிறகு அவர் கண்ணில் பட்டதெல்லாம் நம்முடையதாகிவிட்டது. பாதையோரம் ஆலமரத்தடியில் சீனர்கள் சிவப்பு மெழுகுவத்தி ஏற்றிவைத்த சின்னக் குடிலைக் கண்டால், "இதுக்கு முன்னாடி இங்க நம்ம பிள்ளையார் இருந்திருப்பார்" என்பார். பள்ளத்தாக்கில் மாதா கோயில் மணி அடித்தால் நின்று கேட்டுவிட்டு, "எடம் பாரு, ஆத்துக்கு வடகரை. ஆகமப்படி பாத்து வச்ச எடம். அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பார். பழைய மரப் பள்ளிவாசலின் அடுக்குக் கூரையைப் பார்த்து விமானம் என்பார். கேட்டுக்கொண்டு வர ஆள் வேண்டுமே. அதற்காகத்தான் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

நான் ஏன் போனேன் என்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சந்தில் இருக்கப் பிடிக்காது. கல்யாணமாகிக் கப்பலேறி வந்து வருஷங்கள் ஓடியும் எனக்குக் குழந்தை இல்லை. எங்கள் சந்தில் யார் வீட்டிலாவது வளைகாப்பு என்றால், வெற்றிலை பாக்கையும் ஒரு ஜோடி வளையலையும் முதல் நாளே என் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிடுவார்கள். பார்க்க மரியாதை போலத்தான் இருக்கும். நாளைக்கு வந்து நிற்காதே என்று அர்த்தம். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுத்தேன், விரதம் இருந்தேன், மண்சோறு தின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளை இல்லாதவள் புருஷன் பின்னால் காடு மேடெல்லாம் சுற்றுகிறாள் என்று சந்தில் சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பதைவிட அட்டைக் கடி மேல் என்று கிளம்பிவிடுவேன்.

அப்படிப் போன ஒரு நாளில்தான் அந்தக் கல் கிடைத்தது. மழைக்கு ஒதுங்கலாம் என்று பாதையை விட்டு ஒரு கிராம்புத் தோட்டத்துக்குள் நுழைந்தோம். சரிவில் ஓரிடம் மட்டும் துப்புரவாகப் பெருக்கிய மாதிரி இருந்தது. பக்கத்தில் ஒரு மரம், வெள்ளை இதழும் நடுவில் மஞ்சளுமாகப் பூ உதிர்த்திருந்தது. மரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல், உருண்டையாக, உச்சி வழவழவென்று, பாசி படர்ந்து. அதற்கு நேர் எதிரே, ஓர் ஆள் நீளத்துக்குத் தள்ளி, மண்ணில் புதைந்து தலையை மட்டும் காட்டிக்கொண்டு இன்னொரு சின்னக் கல்.

என் கணவர் குடையைக் கீழே போட்டுவிட்டார். "லிங்கம்டி" என்றார். பிறகு எதிரே இருந்த கல்லைக் காட்டி, "நந்தி பாரு, தேஞ்சுபோய்க் கெடக்கு" என்றார். அந்த ஈரத்திலேயே விழுந்து கும்பிட்டார். என் கண்ணிலும் நீர் வந்துவிட்டது. சோழனுக்காக அல்ல. மழை பெய்த காட்டுக்குள், யாரும் பார்க்காத இடத்தில், எனக்கென்று ஒரு சாமி காத்துக்கொண்டிருந்த மாதிரித் தோன்றியது. எனக்கொரு பிள்ளையைக் கொடு, அதன் முதல் முடியை உன் முன்னால்தான் இறக்குவேன் என்று அங்கேயே வேண்டிக்கொண்டேன்.

விஷயத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்றார் என் கணவர். சொன்னால் நகரத்தார் வந்து கோயில் கட்டிவிடுவார்கள், இல்லாவிட்டால் வெள்ளைக்காரன் கல்லைப் பெயர்த்து லண்டனுக்குக் கொண்டுபோய்விடுவான் என்று பயம். எனக்கும் அது சௌகரியமாகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் செம்பில் பாலும், வீட்டில் அரைத்த சந்தனமும், விபூதியும் குங்குமமுமாகப் போவோம். இரண்டு கல்லுக்கும் நடுவில் துண்டை விரித்து அவர் உட்காருவார். தெரிந்த தேவாரத்தைத் தெரிந்த ராகத்தில் பாடிப் பாலை ஊற்றுவார். சாமிக்கும் நந்திக்கும் குறுக்கே போகவே கூடாது என்பார்கள், நீங்கள் நடுவிலேயே உட்காருகிறீர்களே என்று ஒரு நாள் கேட்டேன். "சரிவா இருக்கு, வேற எங்க உக்கார?" என்று எரிந்து விழுந்தார். நான் லிங்கத்துக்குச் சந்தனம் பூசுவேன். நந்திக்கு நெற்றி என்று எதைச் சொல்வது? உத்தேசமாக ஓரிடம் பார்த்துக் குங்குமத்தைக் குழைத்து அழுத்தி வைப்பேன்.

ஒன்று மட்டும் புதிராக இருந்தது. அடுத்த தடவை போகும்போது நாங்கள் பூசியது, ஊற்றியது எதுவும் இருக்காது, நந்தியின் பொட்டுத் தடம் மட்டும் மங்கலாகத் தெரியும். கல் கழுவி விட்டாற்போல இருக்கும். மண்ணில் துடைப்பத்தின் கீற்றுகூடத் தெரியும். "மழை" என்றார் என் கணவர் முதலில். மழை பெருக்குமா என்றேன். யோசித்துவிட்டு, "சித்தர்கள் யாராச்சும் சூட்சுமமா வந்து பூஜை பண்றாங்க" என்றார். நம்பினேன். நம்பத்தான் பிடித்தது. மலாய்க்காரர்கள் கெம்போஜா என்று சொல்லும் அந்தப் பூமரத்தை எங்கே நடுவார்கள் என்று எங்கள் தெருமுனையில் கேட்டிருந்தாலே போதும். ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பார்கள். இந்தத் தீவில் அத்தனை வருஷம் இருந்தும் எங்களுக்குத் தெரிந்தது வீடு, கம்பெனி, கடை, கோயில். அதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவே இல்லை.

மறு வருஷம் எனக்கு நாள் தள்ளிப்போயிற்று. பெண் குழந்தை பிறந்தது. தொட்டில் போட்ட அன்று, முன்பு எனக்கு வெற்றிலை பாக்குக் கொடுத்தனுப்பியவர்கள் அத்தனை பேரும் வந்து குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினார்கள். என் கணவர் கம்பெனியில் மிட்டாய் கொடுத்துவிட்டு வந்து, "கடாரத்து ஈஸ்வரன் கைவிடல" என்றார். எனக்கோ பிரார்த்தனை நெஞ்சில் முள்ளாக நின்றது. அதைத் தீர்க்காமல் குழந்தைக்கு ஒரு தும்மல் வந்தால்கூடப் பதறுவேன். வருஷம் திரும்புவதற்குள் முடி இறக்கிவிட வேண்டும் என்று நச்சரித்தேன். பஞ்சாங்கம் பார்த்தார். நல்ல நாள் ஒரு வெள்ளிக்கிழமையில் விழுந்தது. கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, எங்கள் சந்து நாவிதரையும் அழைத்துக்கொண்டு கிளம்பினோம். அதுவரை நாங்கள் அங்கே ஞாயிற்றுக்கிழமைதான் போயிருக்கிறோம்.

நாவிதர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தார். "என்ன ஐயா, தண்ணீர்மலை பக்கத்துல இருக்கு, நல்ல ஜாலான் இருக்கு, வண்டி போகும். இங்க வந்து அட்டைக்கு ரத்தம் குடுக்கணுமா லா?" என்றார். என் கணவர் அவருக்குச் சோழர் வரலாறு சொன்னார். மனிதர் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

தோட்டத்தில் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. பால் ஊற்றினோம். சந்தனம் பூசினேன், நந்திக்குப் பொட்டு வைத்தேன். என் கணவர் தன் இடத்தில் துண்டை விரித்து உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கினார். தாய்மாமன் மடியில் வைத்து இறக்க வேண்டியது. என் அண்ணன் காரைக்குடியில் இருந்தான், என்ன செய்வது? நாவிதர் தலையை நனைத்துக் கத்தியை வைத்தார். குழந்தை வீறிட்டது. வலது பக்கம் முழுவதும் வழித்து முடித்திருப்பார், அப்போதுதான் பின்னால் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது.

ஒரு மலாய்க்காரப் பெண்மணி நின்றுகொண்டிருந்தார். என்னைவிட நன்றாக மூத்தவர். தலையில் முக்காடு, ஒரு கையில் மூக்கு வைத்த மண் கெண்டியில் தண்ணீர். இன்னொரு கையிலிருந்த துடைப்பம் கீழே விழுந்திருந்தது. கத்தவில்லை. எங்களை, பாலை, கல்லை மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "நீங்கதானா?" என்றார்.

எங்களுக்குத் தெரிந்தது பாசார் மலாய்தான், மீன்காரனிடம் பேரம் பேசுகிற அளவுக்கு. அவர் பேசியது அத்தனையும் புரிந்தது. புரியாமல் போயிருக்கக் கூடாதா என்று பிற்பாடு நினைத்திருக்கிறேன்.

"எதுக்கு இப்படிச் செய்றீங்க? என் புருஷன் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினார்?" என்றார்.

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். அவர் புருஷன் எங்கே என்று தேடினேன். அப்படி ஒரு மடச்சி நான்.

என் கணவருக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். முகம் வெளுத்துவிட்டது. ஆனால் விளங்கியதை ஒப்புக்கொள்கிற ஆள் இல்லையே. உட்கார்ந்தபடியே, குழந்தை மடியில் அழ அழ, அந்த அம்மாளிடம் வாதாட ஆரம்பித்தார். "இது சாமி. ரொம்பப் பழைய சாமி. ஆயிரம் வருஷம். உங்க ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி எங்க ராஜா வந்து வச்சது" என்று உடைந்த மலாயில் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அந்த அம்மாள் குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டார்.

"அவர் போய் இன்னும் பத்து வருஷம்கூட ஆகல. இந்தக் கல்லை டவுன்ல சீனன்கிட்டச் சொல்லிச் செஞ்சு, என் கொழுந்தன் தோள்ல தூக்கிட்டு வந்தான். எங்கள்ல ஆம்பளைக்கு உருண்டைக் கல்லு, பொம்பளைக்குத் தட்டைக் கல்லு" என்றார். பிறகு லிங்கத்தைக் காட்டி, "தலை" என்றார். நந்தியைக் காட்டி, "கால்" என்றார். அதற்குப் பிறகு என் கணவர் உட்கார்ந்திருந்த இடத்தை மட்டும் பார்த்தார்.

செத்தவர் நெஞ்சின் மேல் இவர் உட்கார்ந்திருந்தார். இத்தனை நாளும் அங்கேதான் உட்கார்ந்து பாடினார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பு முழுவதும் கூசியது. என் கணவர் குழந்தையை என்னிடம் திணித்துவிட்டுத் துள்ளி எழுந்தார். துண்டைக்கூட எடுக்கவில்லை. நாவிதர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு மரம் தள்ளிப் போய் நின்றார்.

அந்த அம்மாள் மேலும் சொன்னார். கோபமாகக்கூடப் பேசவில்லை. முதல் தடவை வெள்ளிக்கிழமை பெருக்க வந்தபோது கல்லின் மேல் சாம்பலும் சிவப்பும் இருந்ததைப் பார்த்து ரத்தம் என்று நினைத்ததாகச் சொன்னார். எலும்பைச் சுட்ட சாம்பல் என்று நினைத்தாராம். யாரோ சூனியம் வைக்கிறார்கள், இறந்தவரை எழுப்பிவிடப் பார்க்கிறார்கள் என்று மந்திரம் ஓதுகிறவர்களிடம் போயிருக்கிறார். கம்பத்தில், அதாவது அவர்கள் கிராமத்தில், சிலர், உன் புருஷன் என்ன பாவம் செய்தானோ, கிடந்து அவஸ்தைப்படுகிறான் என்று பேசினார்களாம். ராத்திரி தனியாக இருக்கப் பயந்து தங்கை வீட்டில் போய்ப் படுத்துக்கொள்கிறாராம். "ஆனாலும் வெள்ளிக்கெழம வராம இருக்க முடியுமா? பயந்துக்கிட்டே ஏறி வருவேன். கழுவிட்டுப் போவேன். திரும்பி வந்தா திரும்பவும் இருக்கும்" என்றார்.

சித்தர்கள் என்றோமே, அது இவர்தான். நான் கண்ணில் நீர் வழியச் சந்தனம் பூசிவிட்டுப் போன பிறகு, இந்தப் பெண் பயந்துகொண்டே அதைக் கழுவியிருக்கிறார். என் பக்தி அவருக்குப் பேயாக இருந்திருக்கிறது. என் கணவரைக் குறை சொல்லிக்கொண்டே வந்தேன். சந்தனம் அரைத்தது யார்? நான்தான். பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது.

"என்ன கேட்டீங்க?" என்றார் திடீரென்று. "சாமின்னு நெனச்சு வந்தீங்கல்ல? என்ன கேட்டீங்க அவர்கிட்ட?"

என் கணவர் மரத்தைப் பார்த்தார். நான் குழந்தையைக் காட்டினேன். "பிள்ளை" என்றேன்.

அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். சிரிப்பும் நீண்ட நேரம் நிலைக்கவில்லை.

"எங்களுக்குப் பிள்ளை இல்ல, தங்காச்சி" என்றார். எங்கள் பெண்களை மலாய்க்காரர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "கடைசி வரைக்கும் கேட்டோம். எனக்கே குடுக்கல அவரு."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெற்றிலை பாக்கை வீட்டுக்கே கொடுத்தனுப்புவது அவர்கள் கம்பத்திலும் உண்டோ என்னவோ. நான் பட்டதை அவரும் பட்டிருப்பார், எனக்கு விடிந்தது, அவருக்கு விடியவே இல்லை. அவர் கண்ணெதிரிலேயே அவர் புருஷனிடம் வாங்கிக்கொண்டு போன மாதிரிப் பிள்ளையோடு நிற்கிறேன்.

"கெளம்பு" என்றார் என் கணவர் தமிழில். "சமாதியில வச்சு முடி எடுக்கிறதா? தீட்டு. ஆத்துல தலைமுழுகிட்டுப் போவோம்."

"பாதித் தலையோடயா?" என்றேன்.

"மிச்சத்த டவுன்ல எடுத்துக்கலாம்."

குழந்தையைப் பார்த்தேன். ஒரு பக்கம் மொட்டை, ஒரு பக்கம் சுருட்டை முடி. அழுது அழுது மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த அம்மாளும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். "பாவம், முடிச்சிட்டுக் கூட்டிட்டுப் போங்க. நாங்களும் கொழந்தைக்கு முடி எடுப்போம், அதுல ஒண்ணும் தப்பில்ல. இங்க அவர் மேல வேணாம், அந்தப் பக்கம் உக்காருங்க" என்று மரங்களுக்கு நடுவே ஒரு சமதரையைக் காட்டினார்.

வேண்டிக்கொண்டது நான். கல் எதுவாக இருந்தால் என்ன, அதன் முன்னால் வாயைத் திறந்து வார்த்தை கொடுத்தவள் நான். அதைப் பாதியில் விட்டுவிட்டு எந்தத் தைரியத்தில் இந்தக் குழந்தையை வளர்ப்பது? "நீங்க போங்க. நான் முடிச்சிட்டுத்தான் வருவேன்" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் சரிவில் இறங்கி ஓடைப் பக்கம் போய்விட்டார்.

மடிக்கு ஆள் வேண்டும். தாய் மடியில் வைத்து இறக்குகிற வழக்கம் எங்களில் இல்லை. நாவிதர் என்னைப் பார்த்தார், நான் அந்த அம்மாளைப் பார்த்தேன். அவர் கையை முக்காட்டுத் துணியில் துடைத்துக்கொண்டார். கேட்கவில்லை. நீட்டவும் இல்லை. துடைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் குழந்தையை அவர் மடியில் வைத்தேன். ஓடைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

குழந்தை அழுகையை நிறுத்தியது. அந்த அம்மாளை நினைத்து, அப்படி நிறுத்தியிருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. அந்த அம்மாள் ஏதோ முணுமுணுத்தபடி தலையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, நாவிதர் மிச்சத்தையும் வழித்தார். கழுவத் தண்ணீர் தேடினால் செம்பில் ஒரு சொட்டு இல்லை. கல்லில் ஊற்றிக் காலி செய்திருந்தோம். அவர் தன் கெண்டியை எடுத்து, மூக்கு வழியாக மெல்ல மெல்லக் குழந்தையின் தலையில் விட்டுக் கையால் துடைத்தார். தண்ணீர் தீர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அது அவர் புருஷனைக் கழுவக் கொண்டுவந்த தண்ணீர்.

கல்லில் பால் காய ஆரம்பித்திருந்தது. எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.

நான் அவர் கையிலிருந்து கெண்டியை வாங்கிக்கொண்டேன். "நீங்க இருங்க" என்றேன். ஓடையில் என் கணவர் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய காலையே திரும்பத் திரும்பக் கழுவினார். "முடிஞ்சுதா?" என்றார், நிமிராமல். கெண்டியை நிரப்பிக்கொண்டு ஏறினேன். அவருக்கும் வெட்கம்தான். அவருக்கு அதைக் காலில் இருந்துதான் கழுவத் தெரிந்தது.

தலைக்கல்லில் இருந்த சந்தனத்தை, விபூதியை, பாலை என் கையாலேயே தேய்த்துக் கழுவினேன். எத்தனையோ தடவை தொட்ட கல். அன்றைக்குத்தான் யாரோ ஓர் ஆண்பிள்ளையின் தலையைத் தொடுகிற மாதிரி கை பின்வாங்கியது. அந்த அம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்து ஆட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால் பக்கமும், தங்காச்சி" என்றார்.

கால் பக்கம் போய் உட்கார்ந்தேன். மண்ணில் புதைந்த அந்தச் சின்னக் கல்லில் நான் வைத்த பொட்டு. காலையில் வைத்தது தண்ணீர் பட்டதும் கரைந்துவிட்டது. அதற்கு அடியில் இத்தனை நாள் அழுத்தி அழுத்தி வைத்தது கல்லின் துளைகளுக்குள் இறங்கிச் சிவப்பாகவே நின்றது. கட்டைவிரலால் தேய்த்தேன். மண்ணை அள்ளித் தேய்த்தேன். முந்தானையை நனைத்துத் தேய்த்தேன்.

"விடு" என்றார் அந்த அம்மாள். "அது போகாது. நானும் எவ்வளவோ தேச்சுப் பாத்துட்டேன்."

நான் விடவில்லை. என் கணவர் கீழேயிருந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.